ஐராவதத்தின் மூன்று கயிறுகள்

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் நான் விமானத் தரகன்.

மாடு, எருமை, டிராக்டர், கோழிப்பண்ணை, ஒரு தடவை பாதி கட்டிய கல்யாண மண்டபம் என்று பூமியில் நிற்பது, நடப்பது, முட்டையிடுவது எல்லாவற்றையும் கைமாற்றிவிட்ட பொங்கியண்ணன், இன்று காலை காபி ஆறுவதற்குள் ஆகாயத்துக்குப் பதவி உயர்வு பெற்றான். இந்த நாளைக் குறித்து வைக்காவிட்டால் வரலாறு என்னை மன்னிக்காது. அதனால் உரக்கடையில் கொடுத்த டைரியைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். முதல் ஐந்து மாதப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த ஐந்து மாதம் உலகத்தில் முக்கியமாக ஒன்றும் நடக்கவில்லை என்று பின்னால் வருகிறவர்கள் புரிந்துகொள்ளட்டும்.

கூப்பிட்டனுப்பியது அண்ணி. அண்ணன் தெய்வசிகாமணி நூல் மில் முதலாளி. மில்லை மூடியாகிவிட்டது, அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன, ஆனாலும் முதலாளி. நல்ல காலத்தில் மில்லுக்குப் பின்னால் இருந்த சோளக்காட்டைச் சமன் செய்து ஓடுபாதை போட்டு, நாலு சீட்டு விமானம் ஒன்றை யாரிடமிருந்தோ பழசாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அதைத்தான் விற்க வேண்டுமாம்.

"பார்க்கப் பார்க்க மனசு ஆறமாட்டீங்குது தம்பி. நல்ல எடமாப் பார்த்துத் தள்ளிவிட்டுருங்க" என்றார் அண்ணி. பக்கத்தில் அண்ணன் மகள் பூரணி தூணில் சாய்ந்து நின்றாள். விமானம் ஓட்டப் படித்தவள், அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கவும் லைசென்ஸ் வாங்கியவள், இரண்டு வருடமாக அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பவள்.

விற்பனைப் பொருளுக்கு ஒரு பெயர் வேண்டும். ஐராவதம் என்று வைத்தேன். வெள்ளை, பெரிய உருவம், ஆகாயத்தில் சஞ்சாரம். இந்திரன் விற்க வந்தாலும் இதற்கு மேல் பெயர் வைக்க முடியாது.

சாயங்காலம் சின்ன எருமையைப் பால்கார ராசுவுக்கு விற்றேன். புதுக் கயிறு எடுத்து வரவில்லையே என்று தலையைச் சொறிந்தான். இருக்கிற கயிற்றோடு ஓட்டிக்கொண்டு போ, கயிறென்ன தங்கமா என்றேன். என் தாராளத்தைப் பார்த்து எருமையே கண் கலங்கியது.

ஜூன் 10, செவ்வாய்

ஐராவதத்தைப் பரிசோதித்தேன். பல் பார்க்க முடியவில்லை. சுழி பார்த்தேன். மூக்கில் இரண்டு இறக்கைக் காற்றாடி, அது ஓடும்போது மட்டும் ஒரு பெரிய சுழி தெரியும், ராஜ சுழி. வால் நிமிர்ந்து நிற்கிறது. வயிற்றுக்கடியில் எண்ணெய் ஒழுகிய கறை உண்டு, கறவை மாட்டுக்கு அது சகஜம்.

நிற்பது திறந்த வெளியில். தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. போன வருட ஆடிக்காற்று அதன் கூரையை உரித்து எடுத்துக்கொண்டு போய் மூன்று தோட்டம் தள்ளி ஒரு தென்னந்தோப்பில் போட்டது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று உடுமலைக்காரர்களிடம் அனுமதி கேட்பதில்லை. அதனால் இறக்கைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என்று மூன்று தடித்த கயிறுகளால் தரையில் பதித்த இரும்பு வளையங்களில் ஐராவதத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் இவ்வளவு கயிறு என்று பூரணியைக் கேட்டேன். அவள் இறக்கைக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயிலிருந்து குளவிக்கூட்டைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குக் காத்துன்னா தூக்கறதுதான் வேலை, சித்தப்பா. ஓட்டறதுக்கு ஆளு இருக்கா இல்லையான்னு அது பார்க்காது. இந்த மாசத்துல கயிறு இல்லாம அரை நாள் நிறுத்தக்கூடாது."

நல்ல விளக்கம். மனதில் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

வாங்குகிறவர் கிடைத்துவிட்டார். நெடுஞ்சாலையில் பிரியாணி ஓட்டல் நடத்தும் கிட்டுச்சாமி. விமானத்தை ஓட்டல் மொட்டை மாடியில் ஏற்றி நிறுத்தி, உள்ளே நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி மேசை போட வேண்டுமாம். எஞ்சின் தேவையில்லை, பறக்கத் தேவையில்லை. கீழே போகிற பஸ்ஸிலிருந்து குழந்தைகள் பார்த்து அழுதால் போதும், அப்பன்காரன் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். இப்படி ஒரு மூளை நம் தாலுகாவில் இருப்பது தாலுகாவுக்கே தெரியாது.

பூரணியிடம் சொன்னேன். "அது இன்னும் பறக்குது சித்தப்பா" என்றாள். உயிரோடு இருக்கிற ஆட்டைத்தானேம்மா பிரியாணிக்கு வாங்குவார்கள் என்றேன். நான் ஒருவன்தான் சிரித்தேன்.

ஜூன் 16, திங்கள்

அண்ணனிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்றார் அண்ணி. பேச்சில்லாத மனிதரிடம் எப்படிக் கேட்பது? அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

எங்கள் அப்பா சந்தையில் மாட்டுத் தரகர். விலை பேசுவதெல்லாம் துண்டுக்கடியில்தான். இரண்டு கைகளையும் துண்டால் மூடி, விரலைப் பிடித்தால் தொகை, கையை இறுகப் பற்றினால் சம்மதம், கையை உருவிக்கொண்டால் வேண்டாம் என்று அர்த்தம். சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. மீசை முளைக்கும் முன்பே எங்கள் இருவருக்கும் அதைப் பழக்கிவிட்டார் அப்பா. அண்ணன் மில்லுக்குப் போனார், நான் துண்டிலேயே தங்கிவிட்டேன். இந்த வீட்டில் அண்ணனோடு இன்றைக்குப் பேச முடிந்த ஒரே ஜீவன் நான். சக்கரவர்த்திக்கும் பிரஜைகளுக்கும் நடுவில் நிற்கும் மந்திரி மாதிரி.

துண்டைப் போட்டேன். அவருடைய இடது கையைப் பிடித்தேன். ஓட்டல் மாடி, பிரியாணி, குழந்தைகள் என்று காதில் விலாவாரியாகச் சொன்னேன். கையை உருவிக்கொண்டார். மறுபடி பிடித்தேன், மறுபடி உருவினார். பலமாகத்தான் உருவுகிறார். வாதம் வந்த உடம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெளியே வந்து, அண்ணனுக்குப் பூரண திருப்தி என்று சொன்னேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையை உருவினால் என்ன அர்த்தம் என்று அவர் எந்தச் சந்தையில் போய்க் கற்றுக்கொள்வார்?

மதியம் அங்கேயே சாப்பாடு. கொள்ளுப் பருப்பு பிரமாதம்.

ஜூன் 24, செவ்வாய்

துரோகம். பூரணி தானாகவே ஒரு ஆளைப் பிடித்திருக்கிறாள். கர்நாடகத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம். அவர்களுக்கு ஒரு விமானமும் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியரும் வேண்டும். விமானத்தோடு வந்தால் இவளை ஆசிரியராக வைத்துக்கொள்கிறார்கள். விமானம் இல்லாமல் வெறுங்கையோடு வருகிற ஆசிரியர்கள் அங்கே வாசலில் வரிசையில் நிற்கிறார்களாம்.

"அப்பாவையும் அம்மாவையும் அங்கயே கூட்டிட்டுப் போயிருவேன் சித்தப்பா. பக்கத்துலயே நல்ல ஆஸ்பத்திரி இருக்குது, பேச்சுக்குப் பயிற்சி குடுக்கறாங்களாம். எனக்கு இந்த ஒரு வழிதான் இருக்குது" என்றாள்.

அண்ணனுக்குப் பேச்சு வந்துவிட்டால் மந்திரி பதவி என்ன ஆவது என்று நான் கேட்கவில்லை. மகராசியாக இரு என்றேன். தரகன் இல்லாமல் ஒரு வியாபாரமா? கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் இலை போடாமல் எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது. கிட்டுச்சாமியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

பள்ளிக்கூடத்திலிருந்து குருபிரசாத் என்ற கேப்டன் வந்தார். ஒட்ட வெட்டிய நரை, இஸ்திரி போட்ட சட்டை. ஐராவதத்தின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் மதியம் வரை வெளியே எடுக்கவில்லை. சீட்டுக்கடியில் கார்ப்பெட்டைக் கிழித்துத் துருப் பார்த்தார், டார்ச் அடித்தார், இறக்கையை விரலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். நான் தேங்காய் வாங்கும்போது தட்டுகிற அதே தட்டு. இதற்கா கேப்டன் பட்டம்?

பூரணி எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். ரப்பர் குழாய் எப்போது மாற்றியது, பேட்டரி எப்போது வாங்கியது, ஒவ்வொன்றும். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எண்ணெய்க் கறையோடு அண்ணனின் சின்ன வயது முகம்.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் கேப்டன். "சித்தப்பா, நீங்களும் ஏறுங்க, ஒரு சுத்துப் போய்ட்டு வரலாம்" என்றாள் பூரணி. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின் சீட்டில் ஒரு காலை வைத்துவிட்டேன். மில் பழைய ஆட்கள், அண்ணி, அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, கிட்டுச்சாமி எல்லாரும் வேலியோரம் நின்றார்கள். கேப்டன் திரும்பிப் பார்த்து, மிகவும் மரியாதையாக, கன்னடம் கலந்த தமிழில் என் எடையைக் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கிறது, வெயில் நேரம், காற்றும் ஒரு மாதிரி, மன்னிக்கணும் சார், நீங்கள் இறங்கிக்கொள்ளுங்கள் என்றார். இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். வேட்டி எதிலோ மாட்டிக்கொண்டது. பூரணிதான் எடுத்துவிட்டாள். அடுத்த தடவை சித்தப்பா என்று சொல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறவர்கள் உதட்டைக் கடிப்பார்கள்.

இதில் ஒன்றுமில்லை. அண்ணன் இதை வாங்கி வந்த வருடம் பொங்கல் நோம்பிக்குச் சொந்தபந்தம் மொத்தத்தையும் ஒவ்வொரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போனார். ஆடு மேய்க்கிறவன்கூட மேலே போய் என் வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு வந்து ஓடு உடைந்திருக்கிறது என்று சொன்னான். என் முறை வந்தபோது, "உன்ற எடைக்கு இது எந்திரிக்காதுடா பொங்கி" என்றார் அண்ணன். அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். நல்ல நகைச்சுவைதானே. நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

கேப்டனுக்கு ஐராவதம் பிடித்துவிட்டதாம்.

ஜூலை 8, செவ்வாய்

சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. காற்று தொடங்கிவிட்டது. முருங்கை மரம் ஒடிந்து விழுந்தது.

ஜூலை 13, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் கைமாறிவிட வேண்டும் என்று அண்ணி பிடிவாதம். ஆனி கடைசி நாள் புதன்கிழமை நன்றாக இருக்கிறதாம். அன்று சாயங்காலம் காகிதங்களில் கையெழுத்து. மறுநாள் விடிகாலை, காற்று கண் விழிப்பதற்குள், கேப்டனும் பூரணியும் விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பூரணி பெட்டி அடுக்குகிறாள். இரண்டு பெட்டிதான். அண்ணனின் பழைய கருப்புக் கண்ணாடியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்ததைப் பார்த்தேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிறது. இரண்டு வருடமாக அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. பாதிச் சிரிப்பு.

ஜூலை 16, புதன்

கைமாற்றம். சரித்திரப் பிரசித்தி பெற்ற வைபவம்.

தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஐராவதத்தின் மூக்கில் சந்தனம் பூசினோம். கேப்டன் கையெழுத்துப் போட்டார், அண்ணன் இடது கைப் பெருவிரலைப் பதித்தார். எல்லாரும் இனிப்பைக் கையில் எடுத்த நேரத்தில், நான் போய் மூன்று கயிறுகளையும் அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டேன்.

பூரணி ஓடி வந்தாள். "சித்தப்பா, ராத்திரிக்கு அது கட்டோட இருக்கோணும்."

அப்போதுதான் நான் என் வாழ்நாளின் தலைசிறந்த சொற்பொழிவை ஆற்றினேன். எங்கள் பரம்பரை சந்தைப் பரம்பரை. விற்ற உருப்படியோடு கயிறு போகக் கூடாது. கயிறு போனால் கட்டுத்தறியிலிருந்து லட்சுமியும் கூடவே போய்விடுவாள். வாங்கினவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். எங்கள் அப்பா இதில் ஒரு நாளும் தவறியதில்லை. கடைசியாக அண்ணியைப் பார்த்து, "இந்த வீட்டுல இருந்து போனதெல்லாம் போதாதுங்களா அண்ணி?" என்று கேட்டேன். குரலை அந்த இடத்தில் உடைத்தேன். நானே அசந்துவிட்டேன்.

அண்ணி அழுதுகொண்டே, அவங்க அப்பா காலத்து மொறைம்மா, விட்டுரு என்று மகளிடம் சொன்னார். கேப்டனுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நம்பிக்கை விஷயம் என்று கும்பிட்டார். அப்படியானால் நானே உடுமலை போய்ப் புதுக் கயிறு வாங்கி வந்து கட்டுகிறேன் என்று பூரணி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். நான் அவள் தலையில் கை வைத்து, நீ அப்பாகூட இரும்மா, நாளைக்குப் போகிற பிள்ளை, சித்தப்பன் எதற்கு இருக்கிறேன், வாங்கி வந்து நானே கட்டிவிடுகிறேன் என்றேன். நம்பினாள். அதற்குள் கேப்டனைத் தங்குமிடத்தில் கொண்டுபோய் விட வேண்டிய வேலையும் அவளுக்கு வந்துவிட்டது.

உடுமலை போனேன். தேங்காய் பன் சாப்பிட்டேன். கயிற்றுக் கடை திறந்துதான் இருந்தது. கயிறு அவ்வளவு நயமாக இல்லை.

கட்டியாகிவிட்டது என்று பூரணிக்குப் போனில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காற்று என்று பெரிதாக ஒன்றுமில்லை. கொடியில் காய்ந்த என் வேட்டி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். நல்ல தூக்கம் வரும்போல் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

ஐராவதம் மல்லாந்துவிட்டது.

சக்கரங்கள் மூன்றும் ஆகாயத்தைப் பார்க்க, ஓடுபாதைக்கு வெளியே சோளத்தட்டுக்கு நடுவில், லாடம் அடிக்க மாட்டைப் புரட்டிப் போட்ட மாதிரி கிடந்தது. ஒரு இறக்கை மடிந்து கசங்கியிருந்தது. வால் முறுக்கிக்கொண்டது. மூக்குச் சுழி கிடாக் கொம்பாகச் சுருண்டிருந்தது. நேற்றுப் பூசிய சந்தனம் மட்டும் கலையவில்லை. நல்ல சந்தனம்.

பூரணி அழவில்லை. இரும்பு வளையங்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். கடைக் கயிறு அறுந்து காற்றோடு போய்விட்டதம்மா என்றேன். வளையத்தில் ஒரு நார்கூட இல்லையே சித்தப்பா என்றாள். காற்று அவ்வளவு சுத்தமாகப் பெருக்கிவிட்டது என்றேன்.

கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு பூரணியிடம், விமானம் வரும் என்று நம்பித்தான் அந்த இடத்தை வைத்திருந்தோம், இனி நான் எதுவும் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் தணிவாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார். வியாபாரம் முறிந்தது. அண்ணனை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார்கள். காட்டியிருக்க வேண்டாம்.

இரண்டு பெட்டிகளும் வாசலிலேயே இருந்தன. காலில் இடிக்கும் என்று நானே உள்ளே தூக்கி வைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

கிட்டுச்சாமிக்குப் பரம சந்தோஷம். பறக்காத விமானம்தானே அவருக்கு வேண்டும். உடைந்த சாமான் என்பதால் பாதிக்கும் கீழே கேட்கிறார். எஞ்சினைக் கழற்றி வேறு எங்கோ உதிரிபாகமாகக் கொடுத்துவிட்டால் அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் தேறும்.

அண்ணனிடம் மறுபடி துண்டு போட்டேன். இந்தத் தடவை காதில் எதுவும் சொல்லவில்லை. சும்மா கையை மட்டும் பிடித்து, "இப்ப என்ன வெலைங்ணா?" என்று கேட்டேன். தமாஷுக்குத்தான். கை ஜில்லென்று இருந்தது. உருவவில்லை, பிடிக்கவுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, அண்ணனுக்குச் சம்மதம் என்றேன். இந்தத் தடவை பொய்யென்று யார் சொல்ல முடியும்?

ஜூலை 26, சனி

துக்கம் விசாரிப்பதுபோல் அண்ணன் வீட்டில் கூட்டம். விமானத்துக்கு எழவு காத்த முதல் குடும்பம் நாங்கள்தான். ஆனி கடைசி நாள் சொற்பொழிவைச் சுருக்கி மறுபடி ஆற்றினேன். முறையை விட்டுக்கொடுத்தோமென்று நாளைக்கு ஒருவன் சொல்லக் கூடாது பாருங்கள் என்று முடித்தேன்.

அப்போது பால் ஊற்ற வந்த ராசு கேனைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்தான்.

"ஏனுங்க மாமா, எனக்கு எருமைய நீங்க கயிறோடதானுங்க குடுத்தீங்க? கயிறென்ன தங்கமான்னு சொல்லீட்டு. போன வருசம் காளைக்கன்னும் அப்படித்தான் குடுத்தீங்க."

எருமை வேறு, ஐராவதம் வேறு என்றேன். பூரணி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மெதுவாகச் சுற்றுகிறது, கண்டன்சர் மாற்ற வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு நான் முறுக்கு எடுக்க உள்ளே போனபோது, அண்ணன் அறையில் ராசு உட்கார்ந்திருந்தான். அவனும் சந்தைக்குப் போய் மாடு பிடிக்கிறவன்தான். துண்டு விரித்திருந்தது. கைகள் உள்ளே. பூரணி அண்ணனின் காதோடு என்னவோ கேட்டாள். அண்ணன் கை துண்டுக்கு வெளியே வந்தது. மறுபடி ராசு பிடித்தான், அவள் கேட்டாள், கை வெளியே வந்தது. ராசு அவளுக்கு ஏதோ சொன்னான். பிறகு அவன் எழுந்துகொண்டு அவளை உட்காரவைத்து, அவள் கையைத் துண்டுக்குள் விட்டு, இப்படி, இப்படி என்று காட்டினான்.

பால் விலை பேசுகிறார்கள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

கிரேன் வந்தது. ஐராவதம் மறுபடி ஆகாயத்தில் போனது, ஓட்டல் மாடி உயரத்துக்கு. டிங்கர் வேலைக்காரன் கசங்கிய இறக்கையைத் தட்டி நிமிர்த்தி, பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கிறான். மூக்கில் எஞ்சின் இல்லாமல் பிளைவுட் பெட்டி. கிரேன்காரன் சொன்னான், உள்ளே காற்றுதான் இருக்கிறது, காலி முட்டை மாதிரி வருகிறது என்று.

இரும்புக் கிளாம்ப் போட்டுத் தளத்தோடு வெல்டிங் வைக்க வேண்டும். வெல்டர் ஆடிப்பெருக்கு முடிந்துதான் வருவானாம். அதுவரை கட்டிவைக்கக் கயிறு வேண்டும் என்று கிட்டுச்சாமி கையைப் பிசைந்தார். நான் வீட்டுக்குப் போய் மாட்டுக் கொட்டகையில் தொங்கிய மூன்று கயிறுகளையும் எடுத்து வந்து கொடுத்தேன். தாராளம் என் ரத்தத்தில் ஓடுகிறது.

பூரணி அந்தக் கயிறுகளைக் கையில் வாங்கி முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்த்தாள். மாடித் தூண்களில் அவளே முடிச்சுப் போட்டுக் கட்டினாள். நல்ல பெண். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

இதை எழுதுவது விமானியின் இருக்கையிலிருந்து. விமானி இருக்கையில் உட்கார்ந்து எழுதப்பட்ட முதல் தமிழ் நாட்குறிப்பு இதுவாகத்தான் இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க.

காலையில் திறப்பு விழா. கிட்டுச்சாமி ரிப்பன் வெட்ட, கடைசிக் காகிதத்தைப் பூரணி அவர் கையில் கொடுத்தாள். வியாபாரம் முடிந்தது. மதியப் பந்தி ஆனதும் கூட்டம் மொத்தமும் அமராவதிக்கு ஆற்று நோம்பி பார்க்கப் போய்விட்டது. அண்ணியும் போய்விட்டார். காற்று பலமாக இருப்பதால் மாடியில் இன்று பரிமாறப்போவதில்லையாம். பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்து போய்ச் சாலையோரப் புளியமரத்தில் தொங்குகின்றன.

நான் போகவில்லை. ஏணி வைத்து ஏறி, கதவைத் திறந்து, பக்கவாட்டில் திரும்பி, மூச்சை அடக்கி உள்ளே நுழைந்தேன். சீட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. கையில் ஸ்டியரிங் மாதிரி ஒன்று. இழுத்தால் வருகிறது. எதிரே வானம், காற்றாலைகள், மலை. இதைத்தானா இவ்வளவு நாளாக அண்ணன் தான் ஒருவராகவே பார்த்துக்கொண்டிருந்தார்?

எட்டிப் பார்த்தால் கீழே கார் நிறுத்துமிடம். அங்கே சக்கர நாற்காலியில் அண்ணன். பூரணி அவருக்குக் கருப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, முகத்தை மேலே திருப்பி வைத்திருக்கிறாள். என்னைத்தான் பார்க்கிறார். கை ஆட்டினேன்.

இப்போது அவள் அவர் மடியில் துண்டு விரிக்கிறாள். கையை உள்ளே விடுகிறாள். குனிந்து காதில் என்னவோ கேட்கிறாள். அண்ணன் கையை உருவவில்லை. இவ்வளவு நேரம் யாரும் துண்டுக்குள் கை பிடித்து நான் பார்த்ததில்லை.

பூரணி படியேறி வருகிறாள்.

வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நகைச்சுவைக்காக. "எறங்குங்க சித்தப்பா. கயிறெடுக்க வந்தேன்." எந்தக் கயிறு என்றேன். "நாங்க இதை வித்தாச்சுங்கல்ல. வித்த உருப்படியோட கயிறு போகக்கூடாது. லட்சுமி போயிருவா." என் சொற்பொழிவை என்னிடமே ஒப்பிக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தேன், விமானம் ஆடியது.

இறங்க மாட்டேன் என்றேன். இந்தச் சீட்டுக்கு நான் எத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன் தெரியுமா என்றேன். அது வாயில் வந்துவிட்டது.

"மறுக்காச் சொல்றேன். எறங்கீருங்க. காத்து நல்லா இல்லை."

எடுத்துக்கொண்டு போ, கயிறென்ன தங்கமா என்றேன்.

வாலில் அவிழ்த்துவிட்டாள். இடது இறக்கையில் அவிழ்த்துவிட்டாள். வலது முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். மூன்றையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்குகிறாள். அண்ணன் நடையேதான்.

கணவாய்ப் பக்கம் புழுதி கிளம்பி வருகிறது. புளியமரம் தரையைத் தொடுகிற மாதிரி சாய்கிறது. மேசைமேல் வைத்த தண்ணீர் டம்ளர் உருண்டது. எழுத்து கோணுகிறது.

மூக்குச் சக்கரம் தளத்தை விட்டது. ஒரு சாண் இருக்கும். இப்போது பின்சக்கரங்களும்.

பாருங்கண்ணா. எந்திரிக்குது.